டெட்ராய்ட்டின் குரல்களும் கொடைக்கானலின் குரல்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். ப்ளூஸில் தொடங்கி ராப் வரையிலான நெடுங்கதையை ஒரு பக்கத்துக்குள் அடக்குவது எளிய வேலையன்று. ஆயினும் அக்கட்டுரை 1960களையும் 1970களையும் தாளத்தின் காலமாகவும் கிட்டாரின் காலமாகவும் மட்டுமே காட்டிவிட்டு, அதே ஆண்டுகளில் நான்கைந்து பேர் தோளோடு தோள் நின்று குரலோடு குரல் இழைத்துப் பாடிய, தேவாலயப் பாட்டில் வேரூன்றிய சோல் என்னும் இசைவகைக் குழுக்களை ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்தப் பாடல்களை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருபவன் என்ற முறையிலும், கொடைக்கானலில் ஓர் ஆலயப் பாடகர் குழுவில் சிறுவயது முதல் பாடி வருபவன் என்ற முறையிலும், விடுபட்டதைச் சொல்லவும், அதையொட்டி எங்கள் மலைக்காக ஒரு வேண்டுகோளை முன்வைக்கவும் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1972ஆம் ஆண்டில் எனக்குப் பதினைந்து வயது. எங்கள் குழுவின் இளைஞர்களுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல்களில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அம்மையார், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்து வளர்ந்தவர்; கணவரோடு இங்கு வந்து சில ஆண்டுகள் தங்கியிருந்தார். மழை விடாமல் பெய்து, பயிற்சி முடிந்தும் நாங்கள் வீடு திரும்ப முடியாத நாள்களில், கணப்படுப்பைச் சுற்றி எங்களை உட்காரவைத்துத் தம் ஊர்ப் பாட்டு என்று சொல்லி இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுழலவிடுவார். பூண்டுக்கு எத்தனை சந்தைகள் இருந்தாலும் மலைப்பூண்டை எடுத்துக்காட்டி, இது எங்கள் ஊர்ப் பூண்டு என்று நாங்கள் சொல்வதில் ஓர் உரிமை இருக்கிறதல்லவா, அதே உரிமையை அவருடைய பேச்சில் கேட்டேன். எந்தப் பாடகர் எந்தப் பள்ளியில் படித்தார், யாருடைய குரல் எந்தத் தேவாலயத்தில் பழகியது என்பதையெல்லாம் உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். அவர் ஊர் திரும்பியபோது மூன்று இசைத்தட்டுகளை என்னிடம் விட்டுச்சென்றார். அஞ்சல் துறையில் வேலை கிடைத்து வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று மாறிப்போன காலத்திலும், பணி ஓய்வுபெற்று நாயுடுபுரத்தில் பெற்றோரின் வீட்டுக்கே திரும்பிய பிறகும் அவை என்னோடு இருக்கின்றன.

இந்த இசையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மரபிசையில் பாட்டு ஒரே இழையாக ஓடுகிறது. பத்துப் பேர் சேர்ந்து பாடினாலும் பத்துப் பேரும் அந்த ஓரிழையையே பாடுகிறார்கள். ஹார்மனி எனப்படும் குரலிசைவிலோ ஒருவர் ஷட்ஜத்திலும் இன்னொருவர் காந்தாரத்திலும் மூன்றாமவர் பஞ்சமத்திலும் ஒரே கணத்தில் நிற்பார்கள். மெட்டு நகரும்போது மூவரும் தத்தம் வழியில் நகர்ந்து, மறுபடியும் ஓரிடத்தில் கூடுவார்கள். தம்பூராவில் பழகிய காதுக்கு இது முற்றிலும் அன்னியமானதன்று. சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழுந்து ஒலிப்பதைச் சுயம்பு காந்தாரம் என்று இசை அறிந்தோர் சொல்வார்கள். நால்வரின் குரல்கள் சரியாகப் பொருந்தும்போதும் அவ்வாறே, நால்வரில் யாரும் பாடாத ஒரு மெல்லிய ஒலி தலைக்குமேல் எழுவதை எங்கள் ஆலயத்தில் நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அம்மையாரின் இசைத்தட்டில் முதன்முதலாக அதைக் கேட்டபோது, முன்பே அறிந்த ஒருவரை வேற்றூரில் கண்டதுபோல் இருந்தது.

டெட்ராய்ட்டில் இந்த இசை ஏன் விளைந்தது என்பதற்குக் காரணங்கள் உண்டு. 1910களிலிருந்து 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள், நிறவெறிச் சட்டங்களிலிருந்தும் பருத்திக் காடுகளின் கூலி வாழ்விலிருந்தும் விடுபடுவதற்காக, அமெரிக்கத் தென்மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் உள்ள நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். கார் ஆலைகள் நிறைந்த டெட்ராய்ட் அவர்களில் பெருந்தொகையினரை ஈர்த்தது. வந்தவர்கள் தேவாலயங்களை அமைத்தார்கள். தெற்கில் வாத்தியம் இல்லாமல் நால்வராகப் பாடிய வழிபாட்டுப் பாடல் மரபையும் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பழகிய குரலைத் திங்கட்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். பள்ளி நடைபாதையும் மாடிப்படியும் தெருமுனை விளக்குக் கம்பமும் அவர்களுக்குப் பயிற்சிக்கூடங்களாயின.

ஃபோர் டாப்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். லெவி ஸ்டப்ஸ், அப்துல் ஃபகீர், ரெனால்டோ பென்சன், லாரன்ஸ் பெய்ட்டன் ஆகிய நால்வரும் டெட்ராய்ட்டின் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் படித்த மாணவர்கள். 1950களின் நடுப்பகுதியில் சேர்ந்து பாடத் தொடங்கிய அவர்கள், 1997இல் பெய்ட்டன் காலமாகும்வரை, ஆள் மாறாமல், பிரியாமல், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாகவே பாடினார்கள். பொதுமக்களிடையே இசைக்குழு என்றாலே பிரிவு என்று பொருள்படும் அளவுக்குக் கதைகள் மலிந்த இந்நாளில், இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஃபகீரின் தந்தை, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில், இன்று வங்கதேசமாக உள்ள பகுதியிலிருந்து அமெரிக்கா சென்று ஆலையில் வேலை பார்த்தவர் என்ற செய்தியை மிகப் பிந்தித்தான் அறிந்தேன். அன்று முழுவதும் அந்த இசைத்தட்டை விட்டு எழ மனம் வரவில்லை. நால்வரில் எஞ்சியிருந்த அவரும் 2024 ஜூலையில் காலமானார்.

ஸ்டப்ஸின் இயல்பான குரல் பாரிடோன், அதாவது ஆண்குரலில் நடுத்தரமானது. அவருக்குப் பாடல் அமைத்த ஹாலண்ட் சகோதரர் இருவரும் டோஸியரும் அக்குரல் எளிதில் தொட முடியாத உயர்ந்த சுருதியை வேண்டுமென்றே தேர்ந்தார்கள். அவர் எட்டிப் பிடிக்க முயலும் ஒவ்வோர் அடியிலும் தவிப்பு கேட்கும். பின்னால் நிற்கும் மூவரும் சற்றும் அலையாமல் அவரைத் தாங்கி நிற்பார்கள். ஒருவன் அழும்போது உடன் நிற்கும் நண்பர்கள் செய்யும் காரியம் அது. அதே ஊரின் டெம்ப்டேஷன்ஸ் குழுவின் அழகு வேறு விதமானது. அதில் மெல்வின் ஃப்ராங்க்ளினின் கீழ்க்குரலுக்கும் எடி கென்ட்ரிக்ஸின் மேல்குரலுக்கும் இடையில் மற்றவர்கள் படிப்படியாக நிற்க, ஒரே பாட்டின் வரிகள் ஆள் மாறி ஆள் கைக்குக் கைமாறும். கென்ட்ரிக்ஸ் அலபாமாவில் பிறந்தவர். ஓட்டிஸ் வில்லியம்ஸ் டெக்சாஸில் பிறந்தவர். ஊருக்கு வந்து சேர்ந்தவர்களே ஊரின் குரலானார்கள்.

இவர்களையெல்லாம் பதிவு செய்த இடம் ஒரு சாதாரண வீடு. கார் ஆலையில் வேலை பார்த்திருந்த பெர்ரி கார்டி என்பவர், 1959 ஜனவரியில் தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுவே பின்னர் மோட்டவுன் என்று உலகறிந்த நிறுவனமாயிற்று. வெஸ்ட் கிராண்ட் புலவார்டு என்ற தெருவில் 2648ஆம் எண் வீட்டை வாங்கி, அதன் பின்பகுதியில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். பாடலுக்கு எதிரொலி வேண்டுமென்று கூரைக்கு அடியில் இருந்த பரணை எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார்கள். 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்ந்தது. வீடு அங்கேயே நின்றது. கார்டியின் சகோதரி எஸ்தர் கார்டி எட்வர்ட்ஸ் 1985இல் அதை அருங்காட்சியகமாக்கினார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் அந்த வீடு என்ன ஆகியிருக்கும் என்பதை, கொடைக்கானலில் பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக விடுதிகளாவதைப் பார்க்கும் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வீட்டில் பாடியவர்களில் இன்னும் மூவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பேரோ, லூவெய்ன் டெம்ப்ஸ் ஆகிய மூன்று பெண்கள் ஆண்டான்டீஸ் என்ற பெயரில் எண்ணற்ற பதிவுகளில் பின்குரல் பாடினார்கள். ஃபோர் டாப்ஸின் பாடல்களில் நால்வரின் குரலுக்கும் மேலே மிதக்கும் பெண்குரல்கள் இவர்களுடையவை. இசைத்தட்டின் உறையில் அவர்களின் பெயர் இடம்பெறவில்லை. நான் பதினைந்து வயதில் விரும்பிக் கேட்ட குரல் யாருடையது என்பதை நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்றும் அதை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

ஃபிலடெல்பியாவும் சிகாகோவும் இதே வரிசையில் வரவேண்டிய ஊர்கள். ஃபிலடெல்பியாவில் ஜோ டார்சியா 1968இல் நிறுவிய சிக்மா ஒலிப்பதிவுக் கூடத்தில், டாம் பெல் என்ற இசையமைப்பாளர், ஸ்டைலிஸ்டிக்ஸ் போன்ற குழுக்களுக்கு வயலின் வரிசைகளையும் பிரெஞ்சு ஹார்னையும் மின்சிதாரையும் சேர்த்து மென்மையான பாடல்களை அமைத்தார். அக்குழுவின் ரஸ்ஸல் தாம்ப்கின்ஸ், ஆண்குரலின் இயல்பான எல்லைக்கு மேலே மெலிதாக எழுப்பிப் பாடும் குரலை நம் வித்துவான்கள் கள்ளத்தொண்டை என்று சொல்லி விலக்கிவிடுவார்கள். நம் சங்கீதத்தில் அது குறை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், கீழே மற்றக் குரல்கள் தளம் அமைக்க, அந்த மெல்லிய குரல் மேலே தனித்து நிற்பதைக் கேட்டுவிட்டு, அதைப் பொய்க்குரல் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. சிக்மா கூடத்தின் ஆயிரக்கணக்கான ஒலிநாடாக்கள் இன்று அதே நகரின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

சிகாகோவைப் பற்றி ஒரே ஒரு செய்தி. இம்ப்ரெஷன்ஸ் குழுவின் கர்ட்டிஸ் மேஃபீல்ட், தம் பாட்டியின் தேவாலயத்தில் பாடிப் பழகி, 1960களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் மக்கள் பாடிய பாடல்களை எழுதியவர். 1990 ஆகஸ்டில், நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் திறந்தவெளி மேடையில் விளக்குச் சட்டம் அவர்மேல் சரிந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதன்பிறகும் அவர் பாடினார். படுத்த நிலையில்தான் மூச்சுக்கு வலுக் கிடைத்தது என்பதால், படுத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவு செய்த பாடல்கள் 1996இல் தொகுப்பாக வெளிவந்தன. மூச்சு குறைந்துவிட்டது, இனி எங்களைப் பதிவு செய்து என்ன பயன் என்று சொல்லும் எங்கள் ஊரின் முதிய பாடகர்களிடம் இந்தச் செய்தியை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதிலிருந்தே இவ்வூரில் நான்கு குரல் பாட்டுக்கு இடமிருந்தது. பிறகு மதுரையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிழைப்புக்காக மலையேறி வந்த குடும்பங்கள் தங்கள் பாட்டையும் கூடவே கொண்டுவந்தன. என் பாட்டனார் அப்படி வந்தவர்களில் ஒருவர். வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகளை எல்லோரும் ஒரே குரலாகப் பாடுவோம். பாமாலைப் பாடல்களைச் சொப்ரானோ, ஆல்ட்டோ என்று பெண்களின் மேல்குரலாகவும் கீழ்க்குரலாகவும், டெனர், பேஸ் என்று ஆண்களின் மேல்குரலாகவும் கீழ்க்குரலாகவும் பிரித்துப் பாடுவோம். தமிழ்ச் சொற்களை நான்கு குரலில் பாடும்போது, குறிலும் நெடிலும் சிதையாமல் நால்வரும் ஒரே நேரத்தில் உச்சரிக்க வேண்டும். 'ழ'கரம் ஒருவரிடம் முந்தி இன்னொருவரிடம் பிந்தினால் பாட்டே கலங்கிவிடும். இந்த நுட்பத்தை எங்கள் முன்னோர் எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்கவில்லை. பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பார்த்துக் கற்றோம்.

என் தந்தை பேஸ் பாடினார். பகலில் தச்சு வேலை, மாலையில் பயிற்சி. டிசம்பர் இரவுகளில் மூஞ்சிக்கல்லிலிருந்து ஏழு சாலைச் சந்திப்பு வழியாக ஆனந்தகிரி வரை கேரல் பாடிக்கொண்டு நடக்கும்போது, பனிமூட்டத்தில் முன்னே செல்பவரின் முதுகு தெரியாது. தந்தையின் கீழ்க்குரலைப் பிடித்துக்கொண்டே நடப்பேன். பக்கத்தில் பாடுகிறவன் குரல் உன் காதில் விழவில்லையென்றால் நீ சத்தமாகப் பாடுகிறாய் என்று பொருள் என்பார். அந்தக் குழுவில் அப்போது பாடிய முப்பது பேரில் இன்று பாடக்கூடிய நிலையில் எண்மர்தான் இருக்கிறோம். தந்தை 1989இல் காலமானார். அவர் செய்த நாற்காலி இருக்கிறது, அலமாரி இருக்கிறது, பென்சிலால் குறிப்பெழுதிய பாமாலைப் புத்தகம் இருக்கிறது, குரல் இல்லை. எங்கள் வீட்டில் கேசட் கருவி வாங்கியபிறகும், அதில் டெட்ராய்ட் குரல்களைப் பதிந்து பதிந்து கேட்ட எனக்கு, அடுத்த அறையில் பாடிக்கொண்டிருந்த தந்தையின் குரலைப் பதிய வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இப்போது பல இடங்களில் கீபோர்டில் ஏற்றப்பட்ட ஆயத்த இசைக்கு மேல் ஒருவர் ஒலிவாங்கியில் பாட, மற்றவர்கள் அதையே சேர்ந்து பாடும் முறை வந்துவிட்டது. இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். படிப்பும் வேலையும் அவர்களை மலையிலிருந்து இறக்கிக் கோவைக்கும் சென்னைக்கும் கொண்டுபோகின்றன, நான்கு குரலுக்கு ஆள் சேர்வதே பாடாக இருக்கிறது. ஆனால், இசைவாகப் பாடுவது தமிழருக்கு ஒட்டாத மேல்நாட்டுப் பழக்கம் என்று சிலர் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாடல்களில் சேர்ந்திசைக் குரல்கள் பின்னிச் செல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம் எல்லோரும். இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைத் திரட்டி, பாரதியின் பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்துக் காட்டினார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். எங்கள் மலையில் கோடை பண்பலை வானொலி இருக்கிறது. கொடைக்கானலின் உயரத்தால் அதன் ஒலிபரப்பு கீழே பல மாவட்டங்களுக்கு எட்டுகிறது. வயலிலும் கடையிலும் பேருந்திலும் அதைக் கேட்போர் ஏராளம். அந்நிலையத்தார் வாரம் அரைமணி நேரத்தைப் பழனி மலைத்தொடரின் சேர்ந்திசைக் குரல்களுக்கு ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கொடைக்கானல் நகரத்தோடு நின்றுவிடாமல், செண்பகனூர், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வரை எல்லா ஊர்களிலும் எல்லாச் சமயத்தாரிடையேயும் சேர்ந்து பாடும் குழுக்களைத் தேடிப் பதிய வேண்டும். முழுப் பாடலோடு, ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகவும் பதிந்தால், ஊரை விட்டுச் சென்ற பிள்ளைகள் தம் குரல் வரிசையைக் கைப்பேசியில் கேட்டே கற்றுக்கொண்டு, டிசம்பரில் வந்து நேராக வரிசையில் நிற்க முடியும். ஆண்டான்டீஸ் பெண்களுக்கு நேர்ந்தது இங்கு நேராதபடி, பாடியவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் ஒலிபரப்பில் சொல்ல வேண்டும்.

இதற்குப் பெரிய கூடம் எதுவும் தேவையில்லை. கம்பளி தொங்கவிட்ட ஓர் அறையும் நல்ல ஒலிவாங்கி இரண்டும் போதும். பதிவு செய்யத் தெரிந்த இளைஞர்கள் இம்மலையில் இருக்கிறார்கள். இக்கடிதத்தைப் படிக்கும் அவர்கள் வானொலி நிலையத்தின் முடிவுக்குக் காத்திராமல் தங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம். எங்கள் குழுவில் எஞ்சியுள்ள எண்மரில் மூவர் ஆல்ட்டோ, இருவர் டெனர், இருவர் சொப்ரானோ. பேஸ் பாடுபவர் ஒரே ஒருவர், அவருக்கு எண்பத்தோரு வயது. இப்போதும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடுகிறோம். மழைக்காலத்தில் அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிடும் என்பதால், மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் யார் வந்தாலும் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.